ஃபீல்டு டெஸ்ட் முடிவு ஒவ்வொரு முறையும் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதகர். பல வருடங்களாக ஃபீல்டு டெஸ்ட் அறையில்தான் வேலை. கிளாக்கோமா என்கிற கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவார்களே, அந்த டெஸ்ட். புத்தகங்களில் பார்வைப் புலப் பரிசோதனை என்று எழுதுவார்கள். முடிந்ததும் புதுத் தாளைப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

போன முறை மைனஸ் 4 என்று இருந்தது, இந்த முறை மைனஸ் 6. நோய் முற்றிவிட்டதா?

இந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முற்றியிருக்கலாம். நோய் இருந்த இடத்திலேயே இருக்க, அன்றைக்கு டெஸ்ட் சரியாக அமையாமலும் போயிருக்கலாம். நீங்கள் சொல்லும் எண் எம்.டி. உங்கள் வயதில் நல்ல கண் உள்ள ஒருவருக்குத் தெரிய வேண்டியதைவிட உங்களுக்கு மொத்தத்தில் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று டெசிபலில் சொல்வது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மைனஸில் கீழே போகப் போக இழப்பு கூடுகிறது. நோய் நகராமல் நிற்கிற கண்ணில்கூட இந்த எண் ஒரு டெசிபல் ஏறுவதும் இறங்குவதும் சர்வசாதாரணம். 2 டெசிபல் இறக்கம் என்றால் கவனிக்க வேண்டியதுதான். அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் சீக்கிரமே இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் கண் அழுத்தம் அதிகமாக இருந்தும் ஃபீல்டு நன்றாக இருந்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஓ.எச்.டி.எஸ். என்ற பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஃபீல்டு கெட்டுவிட்டது என்று காட்டிய, நம்பகமாகச் செய்யப்பட்ட டெஸ்ட்களைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். சுமார் 86 சதவீதம் மறுமுறை உறுதியாகவில்லை. 2000இல் வெளியான கணக்கு இது. அவர்கள் எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஃபீல்டு நன்றாக இருந்தது, அதனால் ஏற்கெனவே கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் ஒரே தாளைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டெஸ்ட் செய்யும்போது பாதி நேரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பார்வை அவ்வளவு போய்விட்டதா?

இல்லை. இதை டெஸ்ட்டுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. மெஷின் தேடுவதே உங்களுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்த எல்லையைத்தான். நீங்கள் பட்டனை அழுத்தினால் அடுத்த முறை அதே இடத்தில் மங்கலான வெளிச்சம் போடும். அழுத்தாவிட்டால் கொஞ்சம் கூட்டிப் போடும். அப்படி மாறி மாறிப் போய் எல்லையைப் பிடிக்கும். ஆக, நல்ல கண் உள்ள இருபது வயதுப் பையனுக்கும் ஏறக்குறைய பாதி வெளிச்சங்கள் தெரியாது.

வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் எரியும். அதன் அளவு வானத்து நிலா நம் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றே சிறியது. 24-2 என்ற வழக்கமான டெஸ்ட்டில் ஒரு கண்ணுக்கு 54 இடங்களில் இப்படித் தேடுகிறது. தாளில் அந்த இடங்களில் உள்ள எண்கள் டெசிபல் கணக்கு. இந்த எண்ணில் மைனஸ் இல்லை. பெரிய எண் என்றால் மங்கலான வெளிச்சமும் தெரிகிறது என்று பொருள். 30 என்றால் மெஷினின் உச்ச வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே தெரிகிறது. 0 என்றால் உச்ச வெளிச்சம் போட்டால்தான் தெரிகிறது.

அதே கண், அதே நோய். மறுநாளே செய்தாலும் எண் ஏன் மாறும்?

ஊருக்கு வெளியே இருந்து கோயில் மணி கேட்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்தால் எப்போதும் கேட்கும், ரொம்பத் தொலைவில் இருந்தால் எப்போதும் கேட்காது. நடுவில் ஓர் இடம் உண்டு, அங்கே ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. காது அதே காது, மணி அதே மணி. இந்த டெஸ்ட் எப்போதும் அந்த நடு இடத்தில் நின்றுதான் அளக்கிறது, அதனால் ஆட்டம் இருந்தே தீரும்.

நல்ல கண்ணில் அந்த நடு இடம் குறுகலானது. ஓரிரு டெசிபலுக்குள் தெரிவதும் தெரியாததும் முடிந்துவிடும். கிளாக்கோமாவில் நரம்பிழைகள் குறைந்துபோன இடத்தில் அது அகன்றுவிடுகிறது. கிளாக்கோமா டெஸ்ட் பற்றி எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: எங்கே பார்வை கெட்டிருக்கிறதோ, அங்கேதான் எண்ணும் அதிகம் ஆடும். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல் என்ற கண் மருத்துவரும் அவர் குழுவினரும் கிளாக்கோமா நோயாளிகளைச் சில வாரங்களுக்குள் திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்து 1989இல் எழுதினார்கள். அந்தச் சில வாரங்களில் நோய் நகர வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் நடுத்தரமாகக் கெட்டிருந்த புள்ளிகள் ஒரு தாளில் ஏறக்குறைய நன்றாக இருப்பதுபோலவும் இன்னொரு தாளில் ஒன்றுமே தெரியாததுபோலவும் வந்தன. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகவும் ஆட்டம் கூடுகிறது.

ஆகவே உங்கள் தாளில் ஒரு புள்ளி 14இலிருந்து 6க்கு இறங்கியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். நன்றாக இருந்த இடத்தில், பக்கம் பக்கமாக மூன்று புள்ளிகள் 28இலிருந்து 22க்கு இறங்கியிருந்தால் அதற்கு எடை அதிகம். இறக்கத்தின் எண் சிறியதுதான், ஆனால் அந்த இடத்தில் எண் அவ்வளவு ஆடுவது வழக்கமில்லை.

என் முதல் டெஸ்ட் ரொம்ப மோசமாக வந்து, இரண்டாவது நன்றாக வந்தது. மருந்து வேலை செய்கிறதா?

பெரும்பாலும் பழக்கம்தான் காரணம். முதல் முறை உட்காருகிறவருக்கு எது வெளிச்சம், எது தன் பிரமை என்றே பிடிபடாது. ஓரங்களில் உள்ள புள்ளிகளை விட்டுவிடுவார். இரண்டாவது, மூன்றாவது முறைகளில் கை பழகிவிடும். சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைத்து, இருப்பதைக் காப்பாற்றுகிறது. போன நரம்பை அது திருப்பிக் கொண்டுவராது. அதனால்தான் முதல் தாளை ஒதுக்கிவிட்டு அடுத்த இரண்டை அடிப்படையாக வைத்துக்கொள்வதுண்டு. முதல் தாளையே அடிப்படையாக வைத்தால், பின்னால் வரும் உண்மையான சரிவு தெரியாமலே போய்விடும்.

தாளின் மேல் மூலையில் இருக்கும் சதவீதங்கள் என்ன?

நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதன் குறிப்பு அது. மூன்று இருக்கும்.

ஃபிக்ஸேஷன் லாஸ்: நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்கிறீர்களா என்று சோதிக்க, உங்கள் குருட்டுப் புள்ளியில் வெளிச்சம் போட்டுப் பார்க்கும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது, எல்லோருக்கும் உண்டு, அங்கே ஒன்றும் தெரியாது. அங்கே போட்டதற்கு நீங்கள் அழுத்தினால் கண்ணை அலையவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகக் குறி விழும். இதை மட்டும் வைத்துத் தாளைத் தள்ளிவிடவும் கூடாது. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே குருட்டுப் புள்ளி இடம் மாறி, தவறே செய்யாதவருக்கும் அந்த எண் ஏறும்.

ஃபால்ஸ் பாசிட்டிவ்: வெளிச்சமே இல்லாதபோது பட்டனை அழுத்தியது. மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 15 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தத் தாளை நம்பிச் சிகிச்சையை மாற்றக் கூடாது. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவார். உட்காரும்போதே, "தம்பி, இந்தத் தடவை நூத்துக்கு நூறு" என்பார். மெஷின் மூச்சு விடுவதற்குள் டக் டக் டக்கென்று பட்டன் சத்தம் கேட்கும். தாள் வந்தால் எம்.டி. ப்ளஸில் நிற்கும், இழப்பைக் கறுப்பாகக் காட்டும் சாம்பல் படத்தில் அங்கங்கே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைத் திட்டுகள், சில இடங்களில் எந்த மனிதக் கண்ணுக்கும் தெரிய முடியாத 40க்கு மேற்பட்ட எண்கள். உண்மையில் அவருக்கு மேல் பாதியில் பெரிய இழப்பு இருந்தது, அதை இந்த அவசரம் மூடி மறைத்தது. "ஐயா, இது பரீட்சை இல்லை, தெரியலன்னாலும் அது சரியான பதில்தான்" என்று சொல்லி, பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி செய்தோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது.

ஃபால்ஸ் நெகட்டிவ்: முன்பு தெரிந்ததைவிடப் பிரகாசமாகப் போட்டும் அழுத்தாதது. களைப்பினால் வரலாம். ஆனால் நோய் முற்றிய கண்ணில், ஒழுங்காகச் செய்தாலும் இது ஏறும். காரணம் மேலே சொன்ன ஆட்டம்தான். இதற்காக நோயாளியைக் கடிந்துகொள்வது அநியாயம்.

சில இடங்களில் இப்போது சிட்டா ஃபாஸ்டர் என்ற வேகமான முறையில் செய்கிறார்கள். அதில் இந்த மூன்றில் இரண்டு காலியாக இருக்கலாம். அது தவறில்லை. பார்வை அலைகிறதா என்பதை அதில் கேமரா வழியாகக் கவனிக்கிறார்கள்.

நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் முடிவு கெடுமா?

நன்றாகவே கெடும். தினமும் பார்க்கிறேன்.

மேல் இமை தொங்கினால் படத்தின் மேல் ஓரம் கறுக்கும். வயதானவர்களுக்கு டெஸ்ட் ஆரம்பிக்கும்போது இமை திறந்திருக்கும், நாலு நிமிடத்தில் மெல்ல இறங்கும். மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு எடுத்து இமையை லேசாகத் தூக்கி ஒட்டினால் அந்தக் கறுப்பு காணாமல் போய்விடும். கண்ணுக்கு முன் மாட்டும் லென்ஸிலிருந்து முகம் பின்வாங்கினால், அந்த லென்ஸின் விளிம்பே வெளிச்சத்தை மறைத்து ஓரமாக ஒரு கறுப்பு வளையம் போடும். தவறான பவர் லென்ஸ் மாட்டினால் மொத்தமும் மங்கும். கண்ணின் பாப்பா 3 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கியிருந்தாலும் அப்படித்தான்.

தூக்கம் வந்துவிட்டால் படம் நாலு இதழ் பூப்போல வரும். மெஷின் ஒவ்வொரு கால் பகுதியிலும் ஒரு புள்ளியில் தொடங்கிப் பரவுகிறது. ஆரம்பத்தில் விழிப்பாக இருந்ததால் அந்த நாலு இடமும் நன்றாக இருக்கும், சுற்றிலும் இருட்டு. முன்பின் தெரியாதவர்கள் அதைப் பார்த்தால் ஆடிப்போவார்கள்.

கண்புரை வளர்ந்தால் எல்லா இடமும் சமமாக மங்கும், எம்.டி. இறங்கும். ஆபரேஷன் முடிந்ததும் எம்.டி. ஏறிவிடும். கிளாக்கோமா இப்படிச் சமமாகப் போகாது, ஓரிடத்தைக் குறிவைத்து அரிக்கும். அதனால் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பழைய தாள்களோடு நேராக ஒப்பிடாமல் புதிய அடிப்படைத் தாள் எடுப்பது நல்லது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது எங்கள் பக்கத்துத் தவறு. முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஒரு பெரியவரின் பிறந்த வருடம் 1948க்குப் பதில் 1984 என்று பதிவாகிவிட்டது. மெஷின் அவரை நடுத்தர வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு, நிறைய இழப்பு என்று காட்டியது. கண் அப்படியேதான் இருந்தது. அன்றிலிருந்து தாளை நோயாளி கையில் கொடுக்கும் முன் பெயர், பிறந்த தேதி, எந்தக் கண், லென்ஸ் பவர் நான்கையும் விரல் வைத்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

டெஸ்ட் எடுப்பவரின் அனுபவம், நாளின் எந்த நேரம், எந்தப் பருவம் என்பவைகூட முடிவைச் சிறிது அசைக்கின்றன என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. அவற்றின் அளவு சிறியது, அதற்காக நல்ல நேரம் பார்த்து வர வேண்டியதில்லை.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினேன். அங்கே எம்.டி. ப்ளஸில் வந்திருக்கிறது. குணமாகிவிட்டதா?

முதலில் தாளில் மெஷினின் பெயரைப் பாருங்கள். ஹம்ஃப்ரி மெஷினில் இழப்பு மைனஸில் வரும். ஆக்டோபஸ் மெஷினில் அதே இழப்பு ப்ளஸில் வரும். ஹம்ஃப்ரியில் மைனஸ் 6 வந்த கண் ஆக்டோபஸில் ப்ளஸ் 6க்குப் பக்கத்தில் நிற்கலாம், அது நல்ல செய்தி இல்லை. இரண்டு மெஷின்களின் டெசிபல் கணக்கும் ஒன்றல்ல, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடக் கூடாது. ஒரே மெஷினிலேயே சிட்டா ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான முறையில் செய்ததையும் சிட்டா ஃபாஸ்ட் என்ற வேகமான முறையில் செய்ததையும் ஒப்பிட்டால் சின்ன வேறுபாடு வரும். முடிந்தவரை ஒரே மெஷின், ஒரே முறை. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் புது இடத்தில் சீக்கிரமே இரண்டு தாள் எடுத்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய தாள்களையும் கொண்டு போங்கள்.

இவ்வளவு ஆட்டம் இருந்தால், நோய் நகர்கிறது என்று டாக்டர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்?

தாள்களை வரிசையாக வைத்துத்தான். கடல் அலையைப் பார்த்துக்கொண்டே நின்றால் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது, கொஞ்ச நேரம் நின்று கரையில் ஈரம் எங்கே முடிகிறது என்று பார்த்தால் தெரியும். அப்படி.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எம்.டி.யையோ, மிச்சமிருக்கும் பார்வையைச் சொல்லும் வி.எஃப்.ஐ. என்ற சதவீதத்தையோ வருடங்களின் மேல் கோடாகப் போட்டு, கோடு எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது. வருடத்துக்கு இவ்வளவு டெசிபல் என்று வேகம் கிடைக்கும். 45 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் அதே வேகத்துக்கு வேறு வேறு பொருள். இன்னொன்று, இரண்டு அடிப்படைத் தாள்களோடு ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிடுவது. ஹம்ஃப்ரியில் இதை ஜி.பி.ஏ. என்பார்கள். வழக்கமான ஆட்டத்தைவிட அதிகமாக இறங்கிய புள்ளிக்கு ஒரு முக்கோணம் போடும். அதே புள்ளி அடுத்த முறையும் இறங்கினால் பாதி கறுக்கும், மூன்றாம் முறையும் என்றால் முழுக்கக் கறுக்கும். குறைந்தது மூன்று புள்ளிகள் தொடர்ந்து இரண்டு முறை இறங்கினால் நோய் நகர்ந்திருக்கலாம் என்றும், மூன்று முறை இறங்கினால் நகர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதும். சுவீடனின் மால்மோ நகரத்தில் ஆரம்பநிலை கிளாக்கோமா நோயாளிகளை வைத்து நடந்த ஈ.எம்.ஜி.டி. ஆய்விலிருந்து வந்த அளவுகோல் அது.

தாளோடு நிற்காமல் கண் அழுத்தம், பார்வை நரம்பின் தோற்றம், நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றனவா என்றும் பார்ப்பார். ஃபீல்டில் மேல் பாதி கெட்டு, நரம்பின் கீழ்ப் பக்கம் மெலிந்திருந்தால் இரண்டும் பொருந்துகின்றன என்று அர்த்தம், ஏனென்றால் விழித்திரையில் எல்லாம் தலைகீழாக விழுகிறது.

ஸ்கேன் எடுத்தால் போதாதா? அதில் பட்டன் தொல்லை இல்லையே.

நோயின் ஆரம்பத்தில் ஸ்கேன் நிறையச் சொல்லும். முற்றிய நோயில் நரம்பிழைப் படலம் ஒரு அளவுக்குக் கீழே மெலிந்த பிறகு அந்த எண் மேலும் இறங்காது, தரையைத் தட்டிவிடும். அப்போது நோய் நகர்வதைப் பிடிக்க ஃபீல்டுதான் துணை. மேலும், உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதை உங்களைத்தான் கேட்க வேண்டும்.

எத்தனை முறை செய்ய வேண்டும்? ஒவ்வொரு முறையும் செலவு, ஒரு நாள் கூலியும் போகிறது.

அந்தக் கஷ்டம் உண்மை, இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு வருடங்களில் ஆறு டெஸ்ட் வேண்டும் என்று 2008இல் பல்வந்த்ராய் சௌஹானும் அவர் உடனிருந்த கிளாக்கோமா நிபுணர்களும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வருடத்துக்கு 2 டெசிபல் வேகத்தில் இறங்குகிற கண்ணை அந்த இரண்டு வருடத்துக்குள் பிடித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. வருடத்துக்கு ஒன்று என்று செய்தால் ஆட்டத்தையும் சரிவையும் பிரித்தறிய இன்னும் பல வருடம் ஆகும், அதற்குள் போனது போனதுதான். எல்லோருக்கும் ஆறு முடியாது. முடியாதபோது உங்கள் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், உங்களுக்கு எந்தக் காலகட்டத்தில் அடிக்கடி தேவை, எப்போது இடைவெளி விடலாம் என்று அவர் திட்டம் போட்டுத் தருவார். நிலைத்து நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு இடைவெளியைக் கூட்டலாம்.

இந்த முறை நன்றாக வந்திருக்கிறது. சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. எண் கீழே ஆடுவதுபோல மேலேயும் ஆடும். நல்ல தாளைப் பார்த்து மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் என்னை விட்டுப் போவதில்லை.

டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராவது?

முந்தின இரவு தூங்குங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காலையிலிருந்து ஓ.பி.யில் பசியோடு காத்திருந்து உட்கார்ந்தால் கவனம் நிற்காது. கண்ணாடியையும் பழைய தாள்களையும் கொண்டு வாருங்கள். பாப்பா விரிக்கும் மருந்தை டெஸ்ட்டுக்கு முன் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எப்போதும் விரித்தே செய்பவர் என்றால் ஒவ்வொரு முறையும் அப்படியே செய்ய வேண்டும். நாற்காலி, தாடை வைக்கும் இடம் சரியாக இல்லாவிட்டால் வாய் திறந்து சொல்லுங்கள். கண்ணைச் சிமிட்டலாம், பட்டனை அழுத்தும் நேரத்தில் சிமிட்டினால் எதையும் தவறவிட மாட்டீர்கள். களைப்பாக இருந்தால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், ஹம்ஃப்ரியில் டெஸ்ட் அப்படியே நிற்கும், விட்டால் தொடரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதும் பலருக்கு முகமே தெளிந்துவிடும்.

அம்மாவுக்கு 82 வயது. எத்தனை முறை செய்தாலும் "நம்பகமில்லை" என்றே வருகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், முறையை மாற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு கண்ணும் வேண்டாம், ஒரு கண்ணை இந்த முறையும் மற்றதை அடுத்த முறையும் செய்யலாம். வேகமான முறை அவர்களுக்குப் பொருந்தலாம். நோய் முற்றியிருந்தால் பெரிய வெளிச்சப் புள்ளி, சைஸ் 5 என்பார்கள், அதில் ஆட்டம் குறைகிறது. நடுப் பார்வை மட்டும் மிஞ்சியிருந்தால் 10-2 டெஸ்ட் அந்தச் சின்ன இடத்தை நெருக்கமாக அளக்கும்.

அதைவிட முக்கியம், டெஸ்ட் எடுப்பவர் பக்கத்தில் இருப்பது. பட்டனைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடக் கூடாது. ஒரு பாட்டி இப்படித்தான் மூன்று முறை "நம்பகமில்லை" என்று வாங்கியிருந்தார். நாலாவது முறை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, நடு லைட்டையே பாருங்க... நல்லா பண்றீங்க... இன்னும் கொஞ்சம்தான்" என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தேன். இடையில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். ஃபால்ஸ் பாசிட்டிவ் 4 சதவீதம் என்று தாள் வந்தது. டாக்டர் அதைத்தான் அவருடைய முதல் அடிப்படைத் தாளாக ஃபைலில் வைத்தார்.